நைனாவின் மூன்று ஹேண்டில்கள்

இது நடந்தது எண்பத்தாறில். எண்பத்து நாலு புயல் எங்கள் கூரையைப் பிடுங்கிப் போக, ஒரு வருடம் ஓலைக்கடியில் கிடந்துவிட்டு, ஓடு போட்ட வருடம் அது. அதனால் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. சித்தப்பா எண்பத்தேழு என்பார். அவர் கணக்கில் எல்லாமே ஒரு வருடம் தள்ளித்தான் நடக்கும்.

எங்கள் குப்பத்திலிருந்து படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பிறகு ரயிலில் மீஞ்சூர். ஏரியில் வலை பிடித்திருக்க வேண்டிய நைனா தினமும் இப்படிப் போய்வந்தது ஒரு மில்லிங் மெஷினுக்காக. பம்பு செய்யும் பட்டறை அது. மெஷின் எப்படி வேலை செய்யும் என்று ஒருமுறை கேட்டேன். பக்கத்தில் அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அத்தோ, உங்கம்மா அருவாமனை மாரிதான். கத்தி ஒரே எடத்துல சுத்தினு கெடக்கும். இரும்ப நாமதான் தள்ளிக் குடுக்கணும்" என்றார்.

அப்படித் தள்ளிக் கொடுக்க மூன்று ஹேண்டில்கள். ஒன்று இரும்பைப் பிடித்திருக்கும் மேசையைப் பக்கவாட்டில் நகர்த்தும், ஒன்று முன்னும் பின்னும், ஒன்று மேலும் கீழும். நைனாவின் வேலை நாள் முழுக்க அவற்றைச் சுற்றுவதுதான்.

அந்த வருடம் மெட்ராஸிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்து மெஷினுக்குக் கம்ப்யூட்டர் வைக்க ஆரம்பித்தார். புதிது வாங்க முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. பழையதிலேயே பொருத்தச் சொல்லிவிட்டார். தேய்ந்துபோன திருகுத் தண்டுகளுக்குப் பதில் புதியவை, ஹேண்டில் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு மோட்டார், பக்கத்தில் பச்சை எழுத்து ஓடும் பெட்டி. நைனாதான் கூடமாட நின்று கழற்றி மாட்டினார். சோறு தின்னும்போதெல்லாம் அதே பேச்சு. எங்களுக்கென்று அம்மா எடுத்துவைத்த நண்டில் பெரியது இஞ்சினியருக்குப் போனது.

ஒரு நாள் நைனா தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். மெஷின் தானாகவே ஓடிவிட்டதாம். இஞ்சினியர் தோளில் தட்டி, "இனிமே நீங்க மெஷின்கிட்ட நிக்கவே வேணாம்" என்றாராம்.

இந்தச் சொல் எங்கள் ஊர்க் காதில் எப்படி விழும் என்பதைச் சொல்ல வேண்டும். ஏரியில் வலை பிடிப்பவர்கள் மார்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். நிற்க வேண்டாத நிலைக்கு வந்தவன் வலைக்குச் சொந்தக்காரன். கரையிலிருந்து வேலை வாங்குகிறவன். 'அவுரு இப்பல்லாம் நிக்கிறதில்ல' என்றால் ஆள் வசதியாகிவிட்டார் என்று பொருள். தன்னை மேஸ்திரி ஆக்கப்போகிறார்கள் என்றே நைனா எடுத்துக்கொண்டார்.

"நிக்க வேணாம்னா அப்பறம் இன்னாத்துக்குயா கூப்புடுவாங்க உன்ன?" என்றாள் அம்மா.

"பட்டறையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அடுத்த ஞாயிறு ஊரில் பாடு சீட்டு. பாடு என்றால் முறை. இறால் படும் இடங்களில் யார் என்றைக்கு வலை இறக்குவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். சீட்டில் பெயர் உள்ள குடும்பம்தான் இறங்கலாம். பட்டறைக்குப் போன பிறகும் நைனாவின் பெயர் அதில் இருந்தது. அவருக்குப் பதில் சித்தப்பா இறங்கிவந்தார். சிலருக்கு அதில் மனத்தாங்கல். உள்ளேயா வெளியேயா, ஒன்றைச் சொல், பெயரை எடுத்தால் எடுத்ததுதான் என்று பெரியவர்கள் கேட்டுவிட்டார்கள். அன்று நடந்ததைச் சித்தப்பா சொல்லித்தான் அறிந்தேன்.

"கம்ப்யூட்டருக்கு மீன் நாத்தம் ஆவாதுபா, உடுங்க அவன" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

நைனாவும் சிரித்திருக்கிறார். "பேர எடுத்துடுங்க" என்றாராம்.

சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருசம் பொறுணா. பேரு கெடந்தா சோறா கேக்குது?"

"நிக்காதவனுக்கு இன்னாத்துக்குடா பாடு?"

எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் நைனா ஒரு ஹேண்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து எனக்கு விளையாடக் கொடுத்தார். இரும்புச் சக்கரம், விளிம்பில் பிடிக்க ஒரு குமிழ். கை பட்டுப் பட்டுக் குமிழ் மட்டும் வெள்ளி மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பொன்னேரி பஸ் ஓட்டினேன். "ஓரம் போ, ஓரம் போ" என்று இரண்டாம் முறை வீட்டைச் சுற்றி வரும்போது அம்மா பிடுங்கிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. நைனாவிடம் கேட்டாள்.

"இது இங்க வந்துட்ச்சி. அங்க எதப் புடிச்சினு இருப்ப நீ?"

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதில் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஒரு குழந்தையின் பொம்மைகூட அம்மாவுக்குப் பொறுக்கவில்லையே என்று எனக்குக் கோபம். மற்ற இரண்டையும் எப்போது கொண்டுவருவாய் என்று நைனாவை நச்சரித்தேன். தினமும் சாயங்காலம் படகுத்துறைக்கே போய் அவர் பையைப் பிரித்துப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பா மட்டும் இருக்கும்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், வெயில் உச்சியில் இருக்கும்போதே படகிலிருந்து இறங்கினார். பை ஒரு பக்கமாக இழுத்தது. உள்ளே காக்கிச் சட்டைக்கு அடியில் இரண்டும் இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏரியில் வேறொருவர் முறைக்கு வலை பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"சித்தப்பா, நைனா எல்லாத்தியும் கொண்டாந்துட்டாரு!"

வலையின் முனையைப் பக்கத்து ஆளிடம் திணித்துவிட்டு, தண்ணீரைக் கையால் விலக்கிக்கொண்டு அவர் கரையை நோக்கி ஓடிவந்தார். என் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு அவசரம் என்று நினைத்து, ஹேண்டிலை உயர்த்திக் காட்டியபடி எதிரே ஓடினேன்.