நாலு பேரும் ஒரே பிளேனில்

அண்ணனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குணமானால் வேளாங்கண்ணிக்கு வருகிறோம் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துவிட்டார். அண்ணன் எழும்பி வந்து, பழையபடி என் தலையில் குட்டத் தொடங்கி ஒரு வருஷமும் ஆகிவிட்டது. நேர்த்தி மட்டும் அப்படியே கிடந்தது. நாலு பேரையும் பிளேனில் ஏற்றுகிற அளவுக்கு அப்பாவின் வலையில் மீன் படவில்லை.

கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த சித்தப்பாதான் அந்த மலிவு பிளேனைக் கண்டுபிடித்தார். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு. ஒரு நாள் பின்னேரம் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் தன்னாமுனை முழுக்கக் கேட்கிற மாதிரி அப்பாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு வந்தார்.

"அண்ணன், இதில நாலு பேரும் போகலாம்!"

அப்பா தோணி வாங்கப் போனால் அடிப்பலகையைத் தட்டித் தட்டி அரை நாள் பார்க்கிற மனிதர். மலிவு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "மலிவா ஏத்துறான் எண்டா என்னத்தையோ குறைச்சிருக்கான்" என்றார். சித்தப்பா மென்று விழுங்கி, சாப்பாடு இல்லை, தண்ணீர் வேண்டுமென்றாலும் காசு, ஆளுக்கு ஏழு கிலோப் பை மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வழக்கில் வென்றவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு மணித்தியாலம் தண்ணி குடிக்காட்டிச் செத்தா போயிருவம்? வீட்டில குடிச்சிட்டு ஏறுவம்" என்றார் அம்மா.

அடுத்த நாளே அம்மா மீன் நிறுக்கிற தராசை மாமரக் கொப்பில் கட்டி, எங்கள் பைகளை ஒவ்வொன்றாகக் கொழுவித் தூக்கினார். அண்ணனின் இரண்டாவது சப்பாத்து போயிற்று. தலையணை இல்லாமல் நித்திரை வராது என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார், தலையணையும் போயிற்று. என் பையில் மீன் வெடில் நாற்றம் ஏறிவிட்டது என்று நான் அழுததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: யன்னலோர சீட்.

சாட்டுகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அப்பா உண்மையைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டார் எல்லோரும் ஒரே தோணியில் ஏறமாட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே இடத்தில் வலை போட்டாலும் வேறு வேறு தோணியில்தான் போவார்கள். ஏதாவது நடந்தால் வீட்டுக்கு ஓர் ஆளாவது மிஞ்ச வேண்டும். ஆகவே மலிவு பிளேன் என்றாலும் சரி, அவரும் அண்ணனும் ஒரு நாள், அம்மாவும் நானும் மற்ற நாள் என்றார்.

"அப்ப கொழும்பு பஸ்ஸில மட்டும் ஒண்டாப் போகலாமா?" என்று கேட்டான் அண்ணன்.

"பஸ் நிலத்தில போகுது. வாயப் பொத்து."

அம்மா அசையவில்லை. "போனா நாலு பேரும் ஒரே பிளேன். இல்லாட்டி ஒருத்தரும் போக வேணாம்."

அப்பா பங்குச் சுவாமியாரிடம் ஓடினார். பிரிந்து போனாலும் நேர்த்தி நிறைவேறும் என்று சுவாமியார் தீர்ப்புச் சொன்னார். அதை அப்பா வந்து சொன்னபோது, அம்மா இறால் உரித்துக்கொண்டே, "அவர் போற நேரம் அவர் பிரிஞ்சு போகட்டும்" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"உன்ட வீட்டுக்கு நடந்தது மறந்து போச்சா?"

சொன்ன வாயை அவர் உடனேயே மூடிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

அம்மாவின் வீட்டுக்கு நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தார். அவரைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, அவருடைய அப்பாவும் அம்மாவும் இரண்டு தம்பிமாரும் வாவிக்கு அக்கரையில் நடந்த கோயில் பெருநாளுக்கு ஒரே தோணியில் போனார்கள். திரும்பி வரும்போது காற்று எழும்பி, தோணி கவிழ்ந்துவிட்டது. ஒருவரும் தப்பவில்லை. வருஷா வருஷம் அவர்களுடைய கல்லறையில் நாங்கள் மெழுகுதிரி கொளுத்துவோம். எனக்கு அது பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரித் தெரிந்த ஒரு கதை, அவ்வளவுதான். அந்தக் கதைப்படி பார்த்தாலும் அப்பா சொல்வதுதானே சரி என்று எனக்குப் பட்டது.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை.

"ஒருத்தர் மிஞ்சோணும் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. மிஞ்சின ஆளிட்ட ஒருத்தரும் கேக்கிறதில்ல. உங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். என்ட புள்ளைகள் ஒண்டையும் நான் அப்பிடி விடமாட்டன்."

அப்பா முற்றத்தில் இறங்கிச் செருப்பை மாட்டினார். பிறகு சித்தப்பா வீட்டுக்குப் போய் நாலு டிக்கெட்டும் போடச் சொல்லிவிட்டு வந்தார்.

பிளேனில் ஏறினால், மலிவு டிக்கெட்டின் வேலை அங்கேயும் காத்திருந்தது. சேர்ந்து உட்காரவும் தனிக் காசாம். எங்கள் சீட்டுகள் நாலும் நாலு திக்கில் இருந்தன. எனக்கு மட்டும் கடவுள் புண்ணியத்தில் யன்னலோரம். நான் போய் உட்கார்ந்தும் விட்டேன். அம்மா நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்று, நாலு பேரும் ஒரு வரிசையில் இல்லாமல் இருக்கமாட்டேன் என்றார். பணிப்பெண் கெஞ்சினாள், பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் "எழும்புங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக் கேட்டு, ஒரு வரிசையையே காலியாக்கிவிட்டார். என்னையும் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் இருத்தினார். யன்னல் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பிளேன் ஓடிக் கிளம்பியபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு செபத்தைப் பாதி பாதியாகச் சொன்னார். அண்ணன் வெளிறிப்போனான். அம்மா மட்டும் திண்ணைப்பேச்சுக்கு வந்தவர் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குப் பயமில்லையாம்மா?"

"என்னத்துக்குப் புள்ள பயம்? நாலு பேரும் இஞ்சதானே இருக்கம்."

சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்துவிட்டார். எங்கள் அம்மா மாதிரித் துணிச்சல்காரி இந்த ஊரிலேயே இல்லை என்று, திரும்பி வந்தபிறகு வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.