அம்மாவுக்குப் பிறகு வரும் பாட்டு

அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தில் மாடிக் கதவு இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும். அந்த இலக்கத்தை அவருக்குச் சொல்லமாட்டார்கள். நேற்று அவர் கட்டிலருகே இருந்து, ஒரு ஆர்ஜென்டீனப் பாடகியின் புதிய தொகுப்பைப் போனில் போட்டேன். தன் முதல் தொகுப்பின் பாட்டொன்றை, முதிர்ந்த குரலில் திரும்பப் பாடியிருந்தாள்.

அந்த முதல் தொகுப்பின் கசெற்றை, அம்மாவும் நானும் முதலில் வந்து சேர்ந்த குளிர்நாட்டில், பார்க்டேலில் ஒரு பழைய சாமான் கடையில் அம்மா வாங்கினார். பாட்டுக்காக அல்ல. மேல்விளிம்பு ஓட்டைகளை ஒட்டி மூடினால் அதில் நம் குரலைப் பதியலாம். கொழும்பு லொட்ஜ் அறையில், பொலிஸ் சோதனைக்குப் பயந்து வெளியே இறங்காமல் விசாவுக்குக் காத்திருந்த அப்பாவுக்கு அம்மா கதைத்துத்தான் கடிதம் அனுப்புவார். வீதி இரைச்சல் விழாதிருக்க, என்னையும் இழுத்துக்கொண்டு உடுப்பு அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்துவார். ஈரக் கோட்டுகளின் மணத்தில் எனக்கு மூச்சு முட்டும்.

“இருமாதை, அப்பாவுக்குக் கேக்கும்.”

அம்மாவின் பேச்சு முடிகிற இடத்தில், அழியாமல் மிஞ்சிய அந்தப் பாட்டு பாதியில் தொடங்கும். இரண்டு வருடம் அப்பாவுக்கு அந்த அறையில் துணை அவ்வளவுதான்.

நேற்று பாட்டுக் கேட்டதும் கண் திறந்தார்.

“அம்மா கதைச்சு முடிச்சிட்டாவோ?”

அம்மா செத்து நாலு வருடம்.

“ஓம் அப்பா.”

“அப்ப திருப்பிச் சுத்து பிள்ளை. முதலிலையிருந்து கேப்பம்.”