இரண்டு ஈஸ்ட்டுக்குப் பொருத்தம் பார்த்த கதை

திரையில் பச்சைக் கோடுகள் நிறைந்து வழிந்த அன்று, எங்கள் ராஜீவன் ஸார் சுழல் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார். நாற்காலி சுழன்றது. ஸாரும் சுழன்றார். "அடிபொளி! செல்வி, அனிலே, நம்ம ஜெயிச்சாச்சு! ஆராவது போய் பழம்பொரி வாங்கிட்டு வா!" என்று சுற்றிக்கொண்டே கத்தினார்.

இது இரண்டாயிரங்களின் நடுவில். கொச்சியில், மட்டாஞ்சேரி கடைவீதியில், சுக்கு மிளகு குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். கண்ணாடிக் குடுவை எதுவும் கிடையாது. சில கம்ப்யூட்டர்கள், ஒரு யு.பி.எஸ்., மிளகு நெடியில் ஓயாத தும்மல், அவ்வளவுதான். ராஜீவன் ஸார் தலைவர். வைப்பின் தீவிலிருந்து படகில் வரும் அனிலும், செல்வி என்கிற நானும் புரோகிராமர்கள். எங்கள் சம்பளம் ஒரு புராஜெக்ட்டில் ஓடியது. அந்த மாதக் கடைசியில் அது முடிகிறது. பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்து, நீட்டிக்கலாம் என்று சொன்னால்தான் எனக்கு வேலை. இல்லாவிட்டால் பழையபடி வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன்.

வேலை என்னவென்று இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் புரோட்டீன்கள் உண்டு. எது எதோடு ஒட்டி வேலை செய்கிறது என்று படம் போட்டால், புரோட்டீன் ஒரு புள்ளி, தொடர்பு ஒரு கோடு. அதுதான் நெட்வொர்க். அப்பமாவைப் புளிக்க வைக்கும் அப்ப ஈஸ்ட்டுக்கு ஒரு நெட்வொர்க். நடுவில் பிளந்து பெருகும் பிளவு ஈஸ்ட்டுக்கு ஒரு நெட்வொர்க். இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாகம் பிரிந்துபோன பங்காளிகள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, இன்னும் மாறாத தொடர்பு எது என்று பார்ப்பதற்கு அலைன்மென்ட் என்று பெயர். பொருந்தினால் பச்சைக் கோடு.

நகரசபையில் பம்ப் ஆபரேட்டராக இருந்த என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்கப் போராடி, கடைசியில் "ஜாதகப் பொருத்தம் பாக்கற மாதிரிப்பா" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே தெரு முழுக்க "எம் மோள் அப்பமாவுக்கு ஜாதகம் பாக்குறா" என்று பரப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா தன் மகன் ஜாதகத்தோடு வந்து நின்றாள்.

பலாப்பிசின்

வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி தின்ற எண்ணெய் விரலோடு நான் படத்தைப் பெரிதாக்கி ரசித்துக்கொண்டிருந்தேன். அப்ப ஈஸ்ட்டில் ஒரு புரோட்டீன் உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பலாப்பிசின். செல்லுக்குள் தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருக்கும். பரிசோதனைக்காகச் செல்லை உடைத்தால் மட்டும், கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்படி விழும் கோடுகள் பொய் என்பது எங்களுக்குத் தெரியும்.

இப்போது பிளவு ஈஸ்ட்டிலும் பலாப்பிசின் அதே பொய்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றுகூட விடவில்லை.

எனக்குள் இருந்த டியூஷன் டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். சரியான விடை இரண்டு பையன்களுக்கு ஒன்றாக வரலாம். தப்பான விடை வரிக்கு வரி ஒன்றாக வந்தால், ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

போய் நோண்டினேன். அப்படித்தான் இருந்தது. பிளவு ஈஸ்ட்டில் அன்றைக்குப் பரிசோதனைகள் குறைவு. நெட்வொர்க்குகளைத் தொகுத்து வைத்திருந்த டேட்டாபேஸ்காரர்கள் இடைவெளியை ஊகத்தால் நிரப்பியிருந்தார்கள். அப்ப ஈஸ்ட்டில் இரண்டு புரோட்டீன் ஒட்டுமென்றால், பங்காளி வீட்டிலும் ஒட்டும் என்ற ஊகம். ஊகம் என்று ஒளிக்காமல் குறித்தும் வைத்திருந்தார்கள். அதை வடிகட்டாமல் டவுன்லோட் செய்தது யார் என்று பிறகு பேச்சு வந்தபோது, மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

சொன்னால் வேலை போகும். ஆனால் விடை தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது.

"ஸார், பொருத்தமில்ல. காப்பி."

ஸார் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. "அப்போ நம்ம கண்ணாடியப் பாத்துட்டு, கொள்ளாம், நல்ல ஜோடின்னு சொல்லியிருக்கோம், அல்லே?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் தும்மலில் போய்த்தான் நின்றார். அனிலுக்குச் சாயா மூக்கில் ஏறிவிட்டது. வேலை போகப்போகிற மூன்று பேர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அனிலும் நானும் ஊகக் கோடுகளைக் கழிக்கும் ஸ்கிரிப்ட் எழுதி, மறுபடி ஓட்டினோம். பச்சை மளமளவென்று உதிர்ந்தது. செல்லுக்குள் சேரும் குப்பையை அரைக்கும் ஒரு புரோட்டீன் கூட்டம் மட்டும் மூலையில் மின்னியது. இரண்டு ஈஸ்ட்டிலும் தனித்தனியே பரிசோதித்த கோடுகள். ஈ அடிச்சான் காப்பி இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கரித்தது, மிளகும் காரணமாக இருக்கலாம்.

நிபுணர்

வந்தவர் தமிழர்தான். படத்தைப் பார்த்து, "இவ்ளோதானா?" என்றார்.

"இவ்வளவுதான் ஸார். பாக்கியெல்லாம் காப்பி. கண்டுபிடிச்சது இந்தக் குட்டி" என்று ராஜீவன் ஸார் என்னை முன்னால் தள்ளினார்.

நிபுணர் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். அவர் ஏற்கெனவே பிரசுரித்துப் பெயர் வாங்கிய அலைன்மென்ட் அதில் இருந்தது. "இதுலயும் ஓட்டிக் காமிம்மா" என்றார். ஓட்டினேன்.

அவருடைய பச்சையும் உதிர்ந்தது. உதிர்ந்துகொண்டே இருந்தது. அனில் ஜன்னல் பக்கம் திரும்பி, வராத தும்மலைத் தும்மினான். நிபுணர் ஒரு பழம்பொரியை எடுத்து, முழுசாகத் தின்று, விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க லேப்ல யாருக்கும் சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கறேன்" என்றவர் குபீரென்று சிரித்துவிட்டார். "அந்த ஸ்கிரிப்ட் எனக்கு வேணும். புராஜெக்ட்ட நீட்டிக்கச் சொல்லி எழுதறேன். ராஜீவன், இந்தப் பொண்ண விட்டுடாதீங்க."

குடோன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வீட்டுக்கு ஓடினேன். பின்னாளில் எனக்குக் கீழே வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும், முடிவு அளவுக்கு மீறி இனித்தால் முதலில் தப்புகளைப் பொருத்திப் பார் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று சாயாவை ஆற்றிக்கொண்டே அப்பா சொன்னதற்கு அது உறைபோடக் காணாது.

"என்ன மோளே, பொருத்தம் உண்டா?"

"கொஞ்சூண்டுதான்ப்பா. ஆனா நெசம்."

அப்பா அடுக்களைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது மதி மோளே, போதும். எனக்கும் உங்கம்மைக்கும் அதுகூட இல்ல, முப்பது வருசம் ஓடலியா?"

அடுக்களையிலிருந்து கரண்டி பறந்து வந்தது.