சூடாக இருந்த பல்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செத்தவர்களின் எலும்பைத் துளைத்துச் சம்பளம் வாங்குகிறவள் அதற்கெல்லாம் பயந்தால் சரிவருமா? லண்டனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை, வீடு தோர்ண்டன் ஹீத்தில். இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, என் கணவரே இன்னும் நம்பவில்லை.

போன மாசி மாதம் சீனாவிலிருந்து இரண்டு கடைவாய்ப் பற்கள் வந்தன. ஒன்று வடக்கே ஆற்றங்கரையில் தினை விதைத்த காலத்துப் பெண்ணுடையது, மற்றது தெற்குக் கடலோரத்துப் பெண்ணுடையது. இருவரும் இறந்து பல ஆயிரம் ஆண்டுகள். வடக்கத்திச் சனங்கள் அந்த மண்ணிலேயே இருந்தவர்களா, தெற்கிலிருந்து போனவர்களா என்பதுதான் கேள்வி. பல்லைத் துளைத்து எடுக்கும் தூளில் உள்ள மரபணுதான் அதற்குப் பதில் சொல்லும். ஆளுக்கு ஒரு பல்லைத்தான் துளைக்க அனுமதி, இரண்டுமே கீழ் இடப்பக்கத்துப் பற்கள்.

ஒவ்வொன்றாகத்தான் உறையிலிருந்து எடுக்க வேண்டும். அன்று மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகும் அவசரத்தில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தேன். முழங்கை பட்டுத் தட்டு சாய்ந்து, பற்கள் உருண்டு ஒரு மூலையில் சேர்ந்துவிட்டன. ஒரே பழுப்பு, ஒரே அளவு, எது யாருடையது என்று தெரியவில்லை. மாறிப்போனால் ஒரு சனத்தின் கதையே தலைகீழாகிவிடும், என் வேலையும் போய்விடும்.

பட்டப்பகல், தலைக்கு மேல் வெள்ளை விளக்குகள், அறையில் நான் மட்டும். என்னையறியாமல் வாய்விட்டுக் கேட்டேன், "அம்மா, வடக்காலை இருந்து வந்தனீங்கள், உங்கட பல்லு எது? சொல்லுங்கோ."

ஒன்றை எடுத்தேன், குளிர்ந்து கிடந்தது. மற்றதை எடுத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு சோடிக் கையுறையையும் தாண்டிச் சுட்டது, அப்போதுதான் ஒருத்தியின் வாயிலிருந்து எடுத்தது போல. அதை வடக்கு உறையில் போட்டேன், குளிர்ந்ததைத் தெற்கு உறையில்.

மூடி மறைக்க மனம் வரவில்லை. பொறுப்பாளரிடம் போய்ப் பற்கள் கலந்ததைச் சொன்னேன், சூட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் வேலையை நிறுத்திவிட்டு, அந்தப் பற்களைப் பிடுங்கிய தாடைகளின் படங்களைக் கேட்டுச் சீனாவுக்கு எழுதினார். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

படங்கள் வந்தன. பல் வேர்களின் வளைவும் தாடைக் குழிகளும் அச்சொட்டாகப் பொருந்தின, நான் போட்ட உறைகள் சரி. கழிவறைக்குள் போய்ப் போதும் போதும் என்றாகும்வரை அழுதேன், அவ்வளவு நிம்மதி. வேலையும் போகவில்லை. அன்றிரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மனுசிக்கு உம்மட தமிழ் எப்பிடியப்பா விளங்கினது?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"விளங்கினபடியால்தானே காட்டித் தந்தவ," என்றேன். நானும் சிரித்தேன்.

ஆனால் ஒன்றை அவரிடமும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பட்டாலே கூசுகிற பல் ஒன்று எனக்கு இருந்தது. அந்தப் பல் கையில் சுட்ட நாளிலிருந்து கூசுவதில்லை. பல் வைத்தியர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறார். நாக்கால் தொட்டால் மற்றப் பற்களைவிட அது எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கிறது. கீழே, இடப்பக்கம்.