பானைக் கழுத்தில் செருப்பு

மாலை நாலரை மணிக்குச் செய்தி வந்தபோது கன்னியப்பன் கை கழுவிக்கொண்டிருந்தார். முதலில் சாம்பல், பிறகு புளி, கடைசியில் சீயக்காய். ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் வந்த பஞ்சாட்சரம் இறங்காமலே, "ராஜாராம் பூட்டாருப்பா" என்றார். கன்னியப்பன் தலை நிமிரவில்லை. மறுபடி சாம்பலிலிருந்து தொடங்கினார்.

ராஜாராம் என் அண்ணன். எங்கள் வீட்டுக்கும் கன்னியப்பன் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

திருப்புலிவனம் ஏரிக்கரைப் புதரில் கார்த்திகை மாதம் கலப்பைக் கிழங்குக் கொடியில் செங்காந்தள் பூக்கும், தீக்கொழுந்து மேல்நோக்கி எரிவதுபோல. உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கடப்பார்கள். வீட்டுக்குள் வந்தால் சண்டை ஓயாதாம். கொடி காய்ந்ததும் கன்னியப்பன் கிழங்கைத் தோண்டுவார். அதன் விஷத்தை நீக்கிக் காஞ்சிபுரத்து நாட்டுமருந்துக் கடைக்குக் கொடுப்பார். தேள் கொட்டினால் அரைத்துப் பூசுவார். பிரசவம் சிக்கலானால் உள்ளங்காலில் தடவக் கேட்டு வருவார்கள். கொடுத்துவிட்டு வரமாட்டார், அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்து, மிச்சத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

சோற்றைக் கையால் தொடமாட்டார். அலுமினியக் கரண்டி. "கலெக்டரு நாஷ்டா பண்றாரு, ஓரமா போங்க" என்பாள் அவர் மனைவி கோவிந்தம்மாள். "கை என்துதான். அதுல இன்னா ஒட்டிக்கினு கீதுன்னு எனக்கே தெரியாதே" என்பார் அவர். பேரக்குழந்தையைக்கூட முழங்கையால் அணைத்துத்தான் தூக்குவார்.

கிழங்கை நறுக்கி உப்பு மோரில் ஊறவைத்தால் விஷம் மோரில் இறங்கும். அந்த மோரைத் தினமும் குழியில் கொட்டி முள் போட்டு மூடுவார். ஊறுகிற பானையின் கழுத்தில் பழைய செருப்பு ஒன்று தொங்கும்.

"மண்டையோடு படம் போடேன், ஜனங்களுக்குப் புரியும்" என்று அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"படம் போட்டா இன்னா படம்னு கிட்ட வந்து பாப்பான். செருப்பு கட்டுன பானையில எவன் வாய வெப்பான், சொல்லு?"

"அப்ப பானைக்குச் செருப்பு, உனக்கு வெறுங்காலா?"

கன்னியப்பன் அன்று விழுந்து விழுந்து சிரித்தார்.

முந்தாநாள் செருப்புக் கயிறு இற்றுப்போயிருந்தது. புதுச் சணல் கோக்கலாமென்று பானையை வாசல் வேப்பமரத்தடிக்குத் தூக்கிவந்தார். சித்திரை வெயிலில் வழிப்போக்கருக்குக் கோவிந்தம்மாள் நீர்மோர் வைக்கிற இடமும் அதுதான். செருப்பு வாரின் ஒரு காதில் சணலை நுழைத்தபோது தெருக்கோடியிலிருந்து செல்லம்மாள் அலறினாள்: "கன்னியப்பா, ஓடியா! சுலோச்சனாவத் தேளு கொட்டிட்சி!" மகளுக்காக அவள் போட்ட கூச்சலில் செருப்பைப் போட்டுவிட்டு ஓடினார்.

களத்திலிருந்து வந்த அண்ணன் மரத்தடிப் பானையில் ஒரு சொம்பு மொண்டு குடித்தார். வேலிக்கு இப்பால் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, மோர் இன்னா இப்பிடிக் கசக்குது?"

அடுப்படியிலிருந்து கோவிந்தம்மாள் குரல் கொடுத்தாள்: "நாரத்த எல கிள்ளிப் போட்டேன், அதான். குடி தம்பி, ஒடம்புக்கு நல்லது."

அவர் இன்னொரு சொம்பு மொண்டு குடித்தார்.

சுலோச்சனாவுக்குக் கடுப்பு இறங்கிவிட்டது. இப்போது ஓடியாடித் திரிகிறாள். வேப்பமரத்தடியில் கோவிந்தம்மாளின் மோர்ப்பானை நிரம்பியபடி நிற்கிறது; அவளும் எடுக்கவில்லை, யாரும் கிட்டே போகவில்லை. கன்னியப்பனின் பானையை அன்றே உடைத்துவிட்டார்கள்.

பஞ்சாட்சரம் போன பிறகு கன்னியப்பன் ஈரக் கையோடு மரத்தடிக்கு வந்து செருப்பை எடுத்தார். கட்டுவதற்குப் பானை இல்லை. சணல் நுனி பிரிந்துபோயிருந்தது. எச்சில் தொட்டு முறுக்கினால் நுழைந்துவிடும். விரலை வாயருகே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். பிறகு கையை இறக்கிவிட்டார்.

செருப்பின் மறு காதில் இன்னும் சணல் கோக்கவில்லை.