ஓடைத் தண்ணீர் கேட்டதற்கு வாங்கிய திட்டு

இன்று காலை கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசி மொத்த வியாபாரி, நடுத்தெருவில் வைத்து என்னைத் திட்டினார்.

நான் படிப்பது கம்ப்யூட்டரும் உயிரியலும் சேர்ந்த படிப்பு. ஓடைத் தண்ணீரிலுள்ள கிருமிகளின் மரபணுவை அலசி, எலிக்காய்ச்சல் எங்கே பரவும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத்தான் அவர் கிடங்கின் பின்புற ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் படிக்கிற குட்டிக்கு ஓடையில என்ன காரியம்? ஒண்ணு டாக்டராகு, இல்லேன்னா ஐடி கம்பெனிக்குப் போ. என் கடைப் பேரைக் கெடுக்கவா வந்தே?"

"பேரே போட மாட்டேன், அங்கிள். உங்க கடையில மூட்டை தூக்குற சேட்டன் எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடக்காரே, அதனாலதான்..."

"அது அவன் வீட்டுலேர்ந்து வந்த தீனம்!"

"பகல் முழுக்க அவர் நிக்கிறது உங்க கிடங்குலதானே?"

பாட்டிலைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். சுமைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த ஓடை அவர் மதிலைத் தாண்டியதும் பொதுத் தெருவில்தான் ஓடுகிறது. அங்கே போய், கையுறை மாட்டி, வேறொரு பாட்டிலில் எடுத்தேன். வாசலில் நின்று முறைத்தார். நானும் முறைத்தேன்.

கிருமி இருந்தால் முதலில் அந்தச் சுமைக்காரர்களிடம்தான் சொல்வேன். அங்கிள் கடைசியாகத் தெரிந்துகொள்ளட்டும். தப்பா, சொல்லுங்கள்?