பெங்களூர் வழியாக மாடிக்கு

மகளின் கைப்பேசி சாப்பாட்டு மேஜையில் கவிழ்ந்து கிடக்கும். யார் கூப்பிட்டாலும் சத்தம் வராது. ஒருத்திக்கு மட்டும் வீணை ஒலிக்கும். அதைக் கேட்டதும் மகள் கையில் தோசைத் துண்டோடு மாடிக்கு ஓடுவாள். அந்த ஒருத்தி, பெங்களூரில் இருந்த அவளுடைய டீம் லீடர். மகள் அக்கா என்பாள். நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வீணையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியறைதான் மகளுக்கு ஆபீஸ். எதை எதில் சொல்ல வேண்டும் என்று லீடர் தன் குழுவுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். சந்தேகம் என்றால் எல்லோரும் பார்க்கும் குரூப்பில் கேட்க வேண்டும். முடிவானதை மெயிலில் எழுத வேண்டும். கொஞ்சமும் பொறுக்க முடியாத காரியத்துக்கு மட்டுமே போன். மகள் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாள். நான் கீழிருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். மெசேஜ் போடச் சொல்வாள்.

“ஏட்டி, அவளுக்கு மணி அடிக்கும், பெத்தவளுக்கு அடிக்காதோ?”

“அவங்க சும்மா கூப்பிட மாட்டாங்கம்மா. நீ தோசையா இட்லியான்னு கேக்கக் கூப்பிடுத.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பள்ளியில் இத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நான், அன்று கேட்காமலே இட்லி ஊற்றினேன். அவள் வேலையில் சேர்ந்த புதிதில் லீடரே என்னைக் கூப்பிட்டு, “அம்மா, இது என் நம்பர். அவசரத்துக்கு அவ கிடைக்கலைன்னா எனக்கு அடிங்க” என்றிருந்தாள். என் வீட்டில் இருப்பவளைப் பிடிக்க எனக்கு இன்னொருத்தி நம்பரா என்று நினைத்தபடியே பதிந்துவைத்தேன்.

ஆடித்தபசு அன்று தெருவே கோவிலுக்குப் போயிருந்தது. மின்கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி அலறியது. பெங்களூருக்கு லீவு இல்லை என்பதால் மகள் மாடியில் கதவை அடைத்து, காதில் ஹெட்போனோடு இருந்தாள். என் வீட்டுக்காரர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். நிலைப்படியில் நெற்றி பட்டு ரத்தம் கொட்டியது. முந்தானையால் அமுக்கிப் பிடித்தேன். கையை எடுத்தால் பீறிட்டது. கத்தினேன். மகளுக்குப் போன் அடித்தேன், மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. லீடருக்கு அடித்தேன். உடனே எடுத்தாள். அவர் விழுந்ததைச் சொன்னேன். “வைக்காதீங்கம்மா, லைன்லயே இருங்க.” அவள் இன்னொரு போனில் கூப்பிடுவது கேட்டது. பிறகு, “சொல்லுங்கக்கா” என்று என் மகளின் குரல். என் தலைக்கு மேலே இருந்தவளின் குரல் பெங்களூர் போய் என் காதுக்கு வந்தது. “அப்பா விழுந்துட்டார். கீழ ஓடு” என்றாள் லீடர். படிகள் அதிர்ந்தன.

சர்க்கரை குறைந்ததுதான் காரணம் என்றார் டாக்டர். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றும் குளியலறையில் வாளி உருண்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். லீடருக்கு மனதார நன்றி சொன்னேன். பொறாமை மட்டும் போகவில்லை. நான் கூப்பிட்டதற்கு வராத பிள்ளை, அவள் கூப்பிட்டதற்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் வைத்தே மகள் என் எண்ணுக்கும் அந்த வீணையை வைத்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து, காப்பி ஆறுகிறதே என்று பழக்கத்தில் கூப்பிட்டேன். முகம் வெளுத்து, படியில் தடுக்கி இறங்கியவள் “அப்பாவா?” என்றாள். அதன்பிறகு மெசேஜ்தான் போடுகிறேன்.

லீடர் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேஜையில் அந்த வீணை ஒலித்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னக்கா, என்ன ஆச்சு?” என்று பதறி எடுத்த மகளின் முகம் மலர்ந்தது. “சும்மாவா? சும்மாதான் கூப்பிட்டீங்களா?” சோற்றுக் கை காயக் காய, வெகுநேரம் சிரித்துப் பேசினாள். எதிரே நான் என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதே வீணைதான். கூப்பிடத்தான் காரணம் இல்லை.